ஒன்பதாவது மனை: கட்டட விதிகளில் சொற்களின் அதிகாரம்

கட்டட விதிகள் திருத்தப்படும்போதெல்லாம் நாளிதழ்களில் எழும் பேச்சு எண்களைச் சுற்றியே ஓடுகிறது. எஃப்.எஸ்.ஐ. (தளப்பரப்புக் குறியீடு) எவ்வளவு கூடியது, பக்கத்தில் எத்தனை மீட்டர் விட வேண்டும், எத்தனை காருக்கு இடம் காட்ட வேண்டும் என்றுதான் கேள்விகள். விதிப்புத்தகத்தின் முதல் பக்கங்களில் இருக்கும் வரையறைப் பகுதியைப் புரட்டுவோர் குறைவு. ஆனால் எந்த எண் எதன்மீது விழும் என்பதை அந்தப் பகுதிதான் தீர்மானிக்கிறது. சென்னைப் பெருநகருக்காக 2008-இல் வந்த இரண்டாம் முழுமைத் திட்டத்தின் ஒழுங்குமுறைகள்படி, ஒரு நிலத்தை எட்டு மனைகள் வரை பிரித்தால் அது உட்பிரிவு. ஒன்பதாவது மனைக்குக் கல் நட்டால் அது மனைப்பிரிவு, அதாவது ஊரெல்லாம் சொல்லும் லே-அவுட். மண்ணும் சர்வே எண்ணும் மாறவில்லை; பெயர் மாறியதால் கோப்பு போகும் வழி மாறிவிடுகிறது. இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. வருவாய்த் துறையில் 'உட்பிரிவு' என்றால் பட்டாவுக்காக நில அளவையர் அளந்து தரும் சர்வே உட்பிரிவு. திட்ட அனுமதியில் 'உட்பிரிவு' என்றால் வேறொரு சங்கதி. பட்டாவில் தன் மனைக்குத் தனி உட்பிரிவு எண் விழுந்துவிட்டதைப் பார்த்து, மனைக்கு அங்கீகாரமும் கிடைத்துவிட்டதாக ஒருவர் நினைத்தால் பிழை முழுக்க அவருடையது என்று சொல்ல முடியாது. நம் ஊர்களின் உருவத்தைத் தீர்மானிக்கும் கொள்கை முடிவுகளில் பல, அகராதி போலத் தோன்றும் இந்தப் பக்கங்களுக்குள்தான் எடுக்கப்படுகின்றன. எண்களுக்குக் கிடைக்கும் பொது விவாதம் வரையறைகளுக்கும் கிடைக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

அடிப்படைச் சொல்லிலேயே தொடங்கலாம். 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 'டெவலப்மென்ட்' என்ற சொல்லுக்குத் தனி வரையறை இருக்கிறது. நிலத்திலோ, நிலத்துக்கு மேலோ அடியிலோ கட்டட வேலை, பொறியியல் வேலை, சுரங்க வேலை போன்றவற்றைச் செய்வது அதில் அடங்கும். நிலத்தின் அல்லது கட்டடத்தின் பயன்பாட்டைக் கணிசமாக மாற்றுவதும் அடங்கும். உழவு, தோட்டம், தோப்பு ஆகியவற்றுக்கு நிலத்தைப் பயன்படுத்துவது அடங்காது. பிரிட்டனின் 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வார்ப்பு இதில் அப்படியே தெரிகிறது. அங்கே அது நல்லது கெட்டது பாராத சொல். அனுமதி கேட்க வேண்டிய செயல் எது என்று காட்டும் குறி, அவ்வளவே. தமிழுக்கு வரும்போது அது 'வளர்ச்சி' ஆகிவிட்டது. தமிழில் வளர்ச்சி என்பது வாழ்த்துச் சொல். குடியிருந்த வீட்டை அப்படியே விடுதியாகவோ கிளினிக்காகவோ மாற்றினால் சட்டப்படி அது வளர்ச்சி. தரிசாகக் கிடந்த நிலத்தை உழுது நெல் விளைவித்தால் வளர்ச்சி அல்ல. சாதாரணத் தமிழ் வாசகருக்கு இது தலைகீழாகத்தான் படும். விளைவு மொழியோடு நின்றுவிடுவதில்லை. செங்கல் ஒன்றையும் எடுத்துவைக்காமல் வீட்டைக் கடையாக்கியவர், தாம் எதையும் கட்டவில்லையே, அனுமதி எதற்கு என்று நியாயமாகவே கேட்கிறார். 'நிலமாற்றம்' என்றோ 'பயன்மாற்றமும் கட்டுமானமும்' என்றோ சொல்லியிருந்தால் அந்தக் கேள்விக்கான விடை சொல்லிலேயே இருந்திருக்கும்.

வரையறை எவ்வளவு கனமானது என்பதற்கு உயரத்தைவிட நல்ல சான்று கிடைக்காது. சென்னையில் நெடுங்காலம் 'எம்.எஸ்.பி.' என்று ஒரு வகை இருந்தது. 15.25 மீட்டரைத் தாண்டினாலோ நான்கு தளங்களைத் தாண்டினாலோ கட்டடம் அடுக்குமாடி என்ற அந்த வகைக்குள் போய்விடும். 2019 பிப்ரவரியில் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், சாதாரணக் கட்டடம், சிறப்புக் கட்டடம், அடுக்குமாடிக் கட்டடம் என்ற பழைய பாகுபாட்டைக் கலைத்து, உயரமானது, உயரமல்லாதது என்று இரண்டே வகையாக்கின. எல்லைக்கோடு 18.30 மீட்டரில் விழுந்தது. சட்டம் மீட்டரில் பேசினாலும் அடியில்தான் யோசிக்கிறது என்பதை இந்த எண்களே காட்டிக்கொடுக்கின்றன: 15.25 என்பது ஐம்பது அடி, 18.30 என்பது அறுபது அடி. பத்து அடி, ஏறக்குறைய ஒரு தளம். ஆனால் அந்தப் பத்து அடியால் வந்த மாற்றம் ஒரு தளத்தோடு நிற்கவில்லை. உயரமான கட்டடம் என்றால் நான்கு பக்கமும் குறைந்தது 7 மீட்டர் இடைவெளி விட வேண்டும், தீயணைப்புத் துறை முதலிய பல துறைகளின் தடையின்மைச் சான்று வேண்டும். ஒரு கணக்குக்காக, அறுபதுக்கு எண்பது அடியில் இரண்டு கிரவுண்டு மனையை எடுத்துக்கொள்வோம். பக்கத்துக்கு 7 மீட்டர், அதாவது 23 அடி விட்டால் அறுபதில் மிஞ்சுவது 14 அடி. அந்த அகலத்தில் யாரும் அடுக்கக வீடு கட்ட மாட்டார்கள். ஆகவே பழைய வரையறையில் அந்த மனை ஐந்தாம் தளத்தைக் கனவிலும் நினைக்க முடியாது. புதிய வரையறையில் தூண்தளமும் அதன்மேல் ஐந்து தளங்களும் அறுபது அடிக்குள் அடங்கிவிடுகின்றன. இன்று சென்னையின் பழைய குடியிருப்புப் பகுதிகளில் தனி வீடுகளை இடித்துவிட்டு 'ஸ்டில்ட் பிளஸ் ஃபைவ்' எழும்புவதற்கு எஃப்.எஸ்.ஐ. உயர்வு எவ்வளவு காரணமோ, 'உயரம்' என்ற சொல்லின் பொருள் நகர்ந்ததும் அவ்வளவு காரணம்.

இது தவறான மாற்றம் என்று நான் சொல்லவில்லை. நிலவிலை ஏறிக்கிடக்கும் ஊரில் நடுத்தர வருமானக் குடும்பத்துக்கு வீடு கிடைக்க வேண்டுமானால் அதே நிலத்தில் கூடுதல் வீடுகள் எழத்தான் வேண்டும். ஆனால் 2016-ஆம் ஆண்டின் தேசியக் கட்டட நெறித்தொகுப்பு 15 மீட்டரிலேயே கட்டடத்தை உயரமானது என்கிறது. அங்கே உயரமான 17 மீட்டர்க் கட்டடம் இங்கே உயரமற்றதாகிறது. நெருப்புக்கும் புகைக்கும் இந்த இரண்டு பெயர்களும் தெரியாது. ஏணியும் தண்ணீரும் வண்டியும் போக வேண்டிய இடைவெளி பெயரைப் பொறுத்துக் குறைகிறது. அறுபது அடியில் கோடு போடுவதற்கு நல்ல காரணங்கள் இருக்கலாம். அந்தக் காரணங்கள் எஃப்.எஸ்.ஐ. பற்றிய விவாதத்தைப் போல மேடைக்கு வந்து வாதாடியிருக்க வேண்டும். வரையறைக்குள் ஒளிந்திருந்ததால் அவை வாதாட வேண்டிய தேவையே எழவில்லை.

எஃப்.எஸ்.ஐ.யும் பார்க்கும் அளவுக்கு நேரான எண் அல்ல. எல்லாத் தளங்களின் பரப்பையும் கூட்டி மனையின் பரப்பால் வகுத்தால் கிடைப்பது அது. 2019 விதிகளில் உயரமல்லாத கட்டடத்துக்கு அடிப்படை இரண்டு, உயரமானதற்கு 3.25. கட்டணம் செலுத்திக் கூடுதலாக வாங்கும் பிரீமியம் எஃப்.எஸ்.ஐ.க்குச் சாலை அகலமே அளவுகோல்: 9 மீட்டரிலிருந்து 12 மீட்டருக்குள் என்றால் 30 சதவீதம், 12 முதல் 18 மீட்டருக்குள் 40, பதினெட்டும் அதற்கு மேலும் 50. ஆக இரண்டு என்பது சாலையைப் பொறுத்து 2.6 ஆகலாம், 3 ஆகலாம். இங்கே கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. வகுக்கப்படும் 'பரப்பு' எது? அளக்கப்படும் 'சாலை அகலம்' எது? சாலை என்றால் வண்டி ஓடும் தார்ப்பரப்பு மட்டும் அல்ல. நடைபாதையும் மழைநீர் வடிகாலும் சேர்ந்த முழு எல்லை. ஆவணத்தில் ஒன்பது மீட்டர் இருந்து, கடைவாசல் படிகளும் மின்மாற்றியும் நிறுத்திவைத்த வண்டிகளும் போக ஐந்து மீட்டர்தான் கண்ணுக்குத் தெரியும் தெருவும் விதிப்படி ஒன்பது மீட்டர்த் தெருவே. பரப்பைப் பொறுத்தவரை, வாகனம் நிறுத்தும் தூண்தளம் கணக்கில் வராது. சென்னையில் வீடுகள் தரையை விட்டு ஒரு தளம் மேலே ஏறியதற்கு இதைவிட வலுவான காரணம் தேட வேண்டியதில்லை. வெள்ளக் காலங்களில் அது வசதியாகவும் போயிற்று; திண்ணையும் தெருவைப் பார்த்த சன்னலும் போய், தெரு ஓரமெல்லாம் காரின் பின்புறமும் இரும்புக் கதவும் ஆகியதும் அதே வரையறையின் பலன்தான்.

கணக்கில் எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்ற கேள்விக்கு மும்பை கொடுத்த விடை இங்கே நன்றாகப் பயன்படும். அங்கே பூத்தொட்டி வைக்கும் திட்டு, பால்கனி, சுவரில் விட்ட மாடம் போன்றவை நெடுநாள் எஃப்.எஸ்.ஐ. கணக்குக்கு வெளியே இருந்தன. வரைபடங்களில் பூத்திட்டுகள் பெருகின. குடியேறிய பின் அந்தத் திட்டுகள் படுக்கையறையோடு சேர்ந்துவிடுவதும், வாங்குபவரிடம் அவற்றுக்கும் சதுர அடி விலை வாங்கப்படுவதும் வழக்கமாயிற்று. 2012 ஜனவரியில் வளர்ச்சிக் கட்டுப்பாட்டு விதிகள் திருத்தப்பட்டு இவையெல்லாம் கணக்குக்குள் கொண்டுவரப்பட்டன. ஈடாக, குடியிருப்புகளுக்கு 35 சதவீதம் கூடுதல் எஃப்.எஸ்.ஐ. கட்டணத்தின் பேரில் தரப்பட்டது. எண் உயர்ந்ததாகத் தோன்றினாலும் உண்மையில் நடந்தது, ஏற்கெனவே கட்டிக்கொண்டிருந்ததற்குப் பெயர் வைத்ததுதான். அதே நகரில் எழுந்த ஒரு வழக்கு, தூண்தளத்து வாகன இடத்தைக் கட்டுநர் தனியாக விற்கலாமா என்று உச்ச நீதிமன்றம் வரை போனது. வாதம் முழுதும் ஒரு சொல்லில் நின்றது: நான்கு தூண்களுக்கு நடுவே இருக்கும் திறந்த இடம் 'கராஜ்' ஆகுமா? ஆகாது, அது பொது இடத்தின் பகுதி, தனியே விற்க முடியாது என்று 2010-இல் தீர்ப்பு வந்தது. 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் இந்த இடத்தில் கவனமாகவே காலை வைத்தது. கூரையும் மூன்று பக்கச் சுவரும் இருந்தால்தான் கராஜ் என்று எழுதியது. 'கார்ப்பெட் ஏரியா'வுக்கும் அது பொருள் வகுத்தது: வெளிச்சுவர், சேவைக் குழாய்த் தடம், தனிப் பால்கனி, திறந்த மொட்டைமாடி ஆகியவற்றை நீக்கி, உட்சுவரின் பரப்பைச் சேர்த்துப் புழங்கக்கூடிய நிகர தளப்பரப்பு. அதற்கு முன் அடுக்ககச் சந்தை ஓடியது 'சூப்பர் பில்டப்' என்ற சொல்லில். மாடிப்படி, லிப்ட், வாசல் எல்லாவற்றிலும் ஒரு பங்கைச் சேர்த்துக் கட்டுநர் சொன்னதே அதன் அளவு.

மனைப்பிரிவுகளின் கதை இதைவிடச் சோகமானது, ஏனென்றால் அங்கே இழந்தது பொது நிலம். 3,000 சதுர மீட்டர் வரை உள்ள நிலத்தைப் பிரிப்பவர் திறந்தவெளிக்காக எதுவும் ஒதுக்க வேண்டியதில்லை. அதைத் தாண்டினால் சாலைகள் போக மீதியில் பத்து சதவீதத்தை ஒதுக்க வேண்டும், அல்லது அதன் வழிகாட்டி மதிப்பைக் கட்டலாம். 10,000 சதுர மீட்டரைத் தாண்டினால் பணம் கட்டித் தப்ப முடியாது. நிலத்தையே தானப் பத்திரம் எழுதித் தர வேண்டும். ஓ.எஸ்.ஆர். என்று சுருக்கமாகச் சொல்லப்படும் இதுதான் புறநகர்ப் பிள்ளைகளுக்கு விளையாட்டிடம் வரும் ஒரே வழி. ஆனால் 3,000 சதுர மீட்டர் என்பது சுமார் 74 சென்ட். 'நிலம்' என்பது ஒரு முறை விண்ணப்பிக்கும் துண்டா, ஒரே கையில் இருக்கும் முழுப் பரப்பா என்பதை இறுக்கமாகப் பிடிக்காவிட்டால், மூன்று ஏக்கரை ஆளுக்கொரு பெயரில் எழுபது எழுபது சென்டாக வெட்டிக்கொண்டால் போதும், பூங்கா மறைந்துவிடும். இதற்குமேல் சந்தை தானே ஒரு சொல்லை உருவாக்கியது: 'பஞ்சாயத்து அப்ரூவல்'. ஊராட்சித் தலைவரின் முத்திரை வைத்த வரைபடத்தைக் காட்டி, நகர் ஊரமைப்புத் துறையின் ஒப்புதல் இல்லாமல், ஆயிரக்கணக்கான மனைகள் விற்கப்பட்டன. சட்டத்தில் பொருளற்ற அந்தச் சொல் விளம்பரப் பலகையில் முழுப் பொருளோடு நின்றது. 2016 செப்டம்பர் 9 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளின் பத்திரப் பதிவுக்குத் தடை விதித்தபோதுதான் பலருக்கும் தங்கள் கையிலிருந்த காகிதம் என்ன என்று தெரிந்தது. 2017 மே மாதம் வந்த முறைப்படுத்தும் விதிகள், 2016 அக்டோபர் 20-ஐ எல்லைத் தேதியாக வைத்துக் கட்டணத்தின் பேரில் அந்த மனைகளை அங்கீகாரம் பெற்றவையாக்க வழி செய்தன. வாங்கியவர்களைப் பொறுத்தவரை வேறு வழியில்லை; அதைக் குறை சொல்வது கொடுமை. ஆனால் பெயர் மாறிய மனைகளுக்கு நடுவே பூங்கா முளைக்கவில்லை.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். சொல்லை எவ்வளவு தீட்டி என்ன பயன், மீறுபவர் மீறத்தான் போகிறார், நோய் அமலாக்கத்தில் இருக்கிறது என்பார்கள். தமிழ்நாட்டின் அனுபவம் இந்த மறுப்புக்குச் சான்று போலவே தோன்றும். 1998-இல் நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 113-ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டு, விதிமீறிய கட்டடங்களைக் கட்டணம் பெற்று முறைப்படுத்த வழி வந்தது. ஒருமுறை மட்டும் தரப்படும் சலுகை என்ற அளவில் 2000-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. ஒருமுறை என்பது பலமுறை ஆனது. பிந்தைய நீட்டிப்புகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2006-இல் ஏற்கவில்லை. 2012-இல் 113-சி வந்தது, 2007 ஜூலை 1-க்கு முன் கட்டப்பட்டவற்றுக்காக. ஆனால் இந்த வரலாற்றைக் கூர்ந்து பார்த்தால், அமலாக்கமே ஒரு வரையறைச் செயலாக இருப்பது தெரியும். கடப்பாரை இறங்கவில்லை, மதில் பின்னால் போகவில்லை. 'விதிமீறல்' என்ற பெயர் 'முறைப்படுத்தப்பட்டது' என்று மாறியது. அதிகாரி ஒருவர் நோட்டீஸ் கொடுக்க வேண்டுமானால் முதலில் எதிரே நிற்பது இன்னதுதான் என்று பெயர் சொல்லியாக வேண்டும். அது ஆறாம் தளமா, மாடிப்படி அறையின் நீட்சியா? தனி வீடா, அதே வீட்டின் இன்னொரு அறையா? இதில் விளையாட்டு எளிது. தேசிய நெறித்தொகுப்பின்படி வாழ, சமைக்க, கழிவறைக்குத் தனித்தனி வசதி இருந்தால் அது ஒரு குடியிருப்பு அலகு. அதாவது வீட்டை எண்ணுவது அடுப்பை எண்ணுவதே. தமிழ்நாட்டில் இப்போது 14 மீட்டர் உயரத்துக்குள், 750 சதுர மீட்டருக்குள், எட்டு அலகுகள் வரையுள்ள குடியிருப்புக்கு நிறைவுச் சான்று வேண்டியதில்லை. மற்றக் குடியிருப்புகளுக்கு அது இல்லாமல் மின் இணைப்பும் குடிநீர் இணைப்பும் கிடைக்காது. வரைபடத்தில் 'ஸ்டோர்' என்று எழுதிய அறையில் பின்னால் அடுப்பு ஏறினால் எட்டு ஒன்பதாகிவிடும். சமையலறை எது என்று விதி தெளிவாகச் சொல்லாத இடத்தில் மிக நேர்மையான அதிகாரியும் தடுமாறுவார், நேர்மையற்றவர் பேரம் பேசுவார்.

இதற்கு நேரெதிரான மறுப்பும் உண்டு. வரையறையைக் கூட்டக் கூட்டச் சந்துபொந்தும் கூடும், ஆகவே சொல்லை அகலமாக விட்டு அதிகாரியின் விவேகத்தை நம்புவதே மேல் என்பது அது. பூத்திட்டுக் கதை அந்தப் பக்கம் சாய்வதுபோல் தெரியலாம். ஆனால் மும்பையில் ஓட்டை விழுந்தது பூத்திட்டைத் துல்லியமாக வரையறுத்ததால் அல்ல, அதைக் கணக்குக்கு வெளியே வைத்ததால். விலக்கு இருக்கும் இடத்தில்தான் சொல் வீங்கும். விலக்குகளைக் குறைத்து, மீதமுள்ளவற்றுக்கு அளவு வைத்தால் வீங்க இடமிருக்காது. விவேகத்தை நம்பும் வழியை நாம் ஏற்கெனவே நடந்து பார்த்துவிட்டோம்; 1972-இன் நகராட்சிக் கட்டட விதிகள், 1997-இன் ஊராட்சிக் கட்டட விதிகள், சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தின் (சி.எம்.டி.ஏ.) ஒழுங்குமுறைகள் என்று எல்லைக்கு எல்லை வேறு வேறு விதித்தொகுப்புகள் இருந்த காலம் அது. அவற்றை ஒரே தொகுப்பாக்கியது 2019 விதிகளின் மறுக்க முடியாத நன்மை. ஒரே சொல்லுக்கு மாநிலம் முழுதும் ஒரே பொருள் என்ற நிலை வந்த பிறகுதான் அந்தப் பொருள் சரியா என்று கேட்கவே முடிகிறது.

மூன்றாவதாக, இதெல்லாம் பொறியாளருக்கும் கட்டடக் கலைஞருக்கும் உரிய துறைச்சொல், மனை வாங்குபவருக்கு எதற்கு என்று கேட்பார்கள். மருந்தின் வேதிப்பெயர் நோயாளிக்குத் தெரிய வேண்டியதில்லையே என்பது போன்ற வாதம். 2024-க்கு முன் இதற்கு ஓரளவு இடமிருந்தது. அந்த ஆண்டு ஜூலையில் தொடங்கிய சுயசான்றுத் திட்டம் அந்த இடத்தையும் எடுத்துவிட்டது. தொடக்கத்தில் வைத்த வரம்புகளின்படி, 2,500 சதுர அடி வரையுள்ள மனையில், 3,500 சதுர அடிக்குள், தரைத்தளமும் முதல் தளமுமாக, 7 மீட்டர் உயரத்துக்கு மிகாமல் வீடு கட்டுபவர் இணையத்தில் விண்ணப்பித்துத் தாமே சான்றளித்து உடனே அனுமதி பெறலாம். அலைச்சலும் இடைத்தரகும் குறைகிற நல்ல ஏற்பாடு. ஆனால் சான்றளிப்பவர் இப்போது அதிகாரி இல்லை, உரிமையாளர். தவறினால் பொறுப்பும் அவருடையதே. நடைமுறையில் வரைபடங்களும் அனுமதிக் கோப்புகளும் ஆங்கிலச் சொற்களில்தான் ஓடுகின்றன: செட்பேக், பிளிந்த், ஹெட்ரூம், சைட் எக்ஸ்டென்ட். இவற்றுக்குத் தமிழில் ஒற்றைச் சொல் தேடி அலைய வேண்டாம். செட்பேக் என்ற சொல் மேஸ்திரிக்கும் தெரியும். வேண்டியது தமிழில் இரண்டு வரி விளக்கமும் பக்கத்தில் ஒரு கோட்டுப்படமும். வரையறை மாறும்போது அரசிதழ் அறிவிப்போடு, பழைய சொல்லின்படி எந்த வகைக் கட்டடம் எந்தப் பெயரில் இருந்தது, இனி எந்தப் பெயருக்குப் போகிறது, அதனால் இடைவெளியிலும் சான்றுகளிலும் என்ன குறைகிறது என்று ஒரு பக்கம் சேர்த்தால் செலவும் பெரிதில்லை.

அந்த 7 மீட்டரையே எடுத்துக்கொள்ளலாம். தேசிய நெறித்தொகுப்பின் வழக்கப்படி உயரம் அளக்கப்படுவது கட்டடத்தை ஒட்டிய தரையின் சராசரி மட்டத்திலிருந்து. சென்னையின் எத்தனையோ தெருக்களில் பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே சாலை போட்டதில் வாசற்படிகள் தெருவுக்குக் கீழே போய்விட்டன. அப்படிப்பட்ட தெருவில் புதிதாகக் கட்டுபவர், மழைநீர் உள்ளே வராமலிருக்க முதலில் மனையை இரண்டு மூன்று அடி மண் கொட்டி உயர்த்துவார். பிறகு கணினி முன் அமர்ந்து, தம் வீடு உயர வரம்புக்குள் அடங்குகிறது என்று தாமே சான்று தர வேண்டும். டேப்பின் நுனியை மண் கொட்டுவதற்கு முந்திய தரையில் வைப்பதா, கொட்டிய பின் உள்ள தரையில் வைப்பதா, எதிரே உயர்ந்து நிற்கும் சாலையில் வைப்பதா என்று அவர் தேட வேண்டிய இடம், யாரும் புரட்டாத அந்த முதல் பக்கங்கள்தான்.